ஒரு ஸ்பேஸ் கூடிப்போச்சுனு விண்ணப்பத்த திருப்பி அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புறவங்களுக்குனு உங்க பேப்பர்ல போட்டிருந்த யோசனைகள படிச்சேன். பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், இன்ஷியல் சரியா போடணும், முன்னாடி பின்னாடி தேவையில்லாம இடம் விடக்கூடாதுனு விளக்கமா எழுதியிருந்தீங்க. முதல் ரெண்டும் சரி. மூணாவதா சொன்னீங்களே இடம் விடாதீங்கனு, அத படிச்சதும் இந்த லெட்டர எழுதாம இருக்க முடியல, ஏன்னா அது விண்ணப்பம் போடுறவரோட வேலையே கிடையாது, அந்த ஃபார்ம எழுதின புரோகிராமரோட வேலை, அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு வரியில முடியிற வேலை. அத அவர் செய்யாம விட்டதுக்கு ஊர்ல இருக்கிற அத்தன பேரும் ஜாக்கிரதையா டைப் பண்ணணும்னு சொல்றது நியாயமா படல.

நான் கோயம்புத்தூர்ல டேட்டா பக்கம் வேலை பாக்குறவன். வர்ற லிஸ்ட்ட எல்லாம் சுத்தம் பண்ணி, ஒண்ணோட ஒண்ண பொருத்தி குடுக்குறதுதான் தினமும் வேலை. இந்த தொழில்ல இருக்கிறவங்க யார வேணா கேளுங்க, லிஸ்ட்ல எழுத்துப்பிழைய கூட கண்டுபிடிச்சிடலாம், கண்ணுக்கு தெரியாத ஸ்பேஸ்தான் உயிர வாங்கும்னு சொல்லுவாங்க.

முதல்ல இந்த ஸ்பேஸ் எங்கிருந்து வருதுனு பாருங்க. யாரும் வேணும்னு தட்டுறது இல்ல. ஆண்ட்ராய்டு போன்ல ஈமெயில் ஐடி டைப் பண்ண ஆரம்பிச்சதும் கீபோர்டுக்கு மேல முழு ஐடியும் வந்து நிக்கும், அத தொட்டா ஐடிய போட்டு பின்னாடியே ஒரு ஸ்பேஸும் அதுவே போட்டுடும், அடுத்த வார்த்தை டைப் பண்ண வசதியா இருக்கட்டும்னு. லாகின் கட்டத்துல அடுத்த வார்த்தைனு ஒண்ணு எங்க இருக்கு? ஸ்கிரீன்ல பாத்தா ஐடி சரியாத்தான் தெரியும், உள்ள பாத்தா கடைசியில ஒரு கேரக்டர் (எழுத்து, இலக்கம், ஸ்பேஸ் எதுவானாலும் ஒரு கேரக்டர்தான்) கூட இருக்கும், "இந்த ஐடி பதிவாகவில்லை"னு சிவப்புல வரும். ஐபோன்ல ஸ்பேஸ ரெண்டு தடவ தட்டினா முற்றுப்புள்ளி விழும். சில போன்ல காண்டாக்ட்ஸ்ல இருந்து நம்பர காப்பி பண்ணா நம்பருக்கு முன்னாடி 8234, பின்னாடி 8236னு ரெண்டு கேரக்டர் சேந்து வரும் (ஒவ்வொரு கேரக்டருக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் உண்டு, அததான் சொல்றேன்), எழுத்து எந்தப் பக்கம் இருந்து ஓடணும்னு சொல்றதுக்கான குறி அது, கண்ணுக்கு சுத்தமா தெரியாது. எக்ஸெல்ல இருந்து ஒரு கட்டத்த காப்பி பண்ணி நோட்பேட்ல போட்டா கூடவே ஒரு வரி முறிவும் வரும். பிடிஎஃப்ல இருந்து எடுத்தா வார்த்தைக்கு நடுவுலயே ஸ்பேஸ் விழும், பழைய ஃபாண்ட்ல இருந்து யூனிகோடுக்கு மாத்தின தமிழா இருந்தா கொம்பு தனியா எழுத்து தனியா நிக்கும். இதுல எதுக்கு அந்த மனுஷன குத்தம் சொல்றது?

ஆதார் நம்பரையே எடுத்துக்கோங்க. 12 இலக்கம். கார்டுல நாலு நாலா பிரிச்சு, நடுவுல இடம் விட்டு அச்சடிச்சிருக்காங்க, படிக்க சுலபமா இருக்கட்டும்னு, நல்ல விஷயம்தான். 1234 5678 9012னு இருக்குனு வெச்சுக்கோங்க. அத அப்படியே காப்பி பண்ணி ஃபார்ம்ல பேஸ்ட் பண்ணா ரெண்டு ஸ்பேஸும் சேத்து 14 கேரக்டர். அந்தக் கட்டத்துக்கு அதிகபட்சம் 12னு புரோகிராமர் வரம்பு வெச்சிருந்தா பிரவுசர் 12-ஓட வெட்டிடும், உள்ள நிக்கிறது 1234 5678 90 மட்டும். கடைசி ரெண்டு இலக்கம் போச்சு. பேஸ்ட் பண்ணவருக்கு வெட்டினதே தெரியாது, எந்த எச்சரிக்கையும் வராது, பாதி பேரு நம்பர் முழுசா விழுந்துடுச்சுனு நெனச்சு கீழ போயிடுவாங்க, சப்மிட் அமுக்கினதுக்கு அப்புறம் "தவறான ஆதார் எண்"னு வரும். ஒரு நெட் சென்டர்ல இந்த மாதிரி ஒரு ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டு இருந்தத பக்கத்துல நின்னு பாத்தேன், அந்த சென்டர் அண்ணன் "நம்பர தப்பா போடுற பாப்பா, கார்ட பாத்து போடு"னு சொல்றாரு, அந்தப் பொண்ணு கார்டையும் ஸ்கிரீனையும் மாறி மாறி பாக்குது, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குனு சொல்லுது. கடைசி நாள் வேற, பின்னாடி வரிசை. அழுகிற நிலைமைக்கு வந்துடுச்சு. அந்தக் கட்டத்துல 14 கேரக்டர் வாங்கிக்கிட்டு, உள்ள வந்ததும் இலக்கம் தவிர மத்தத தூக்கிட்டு, அதுக்கு அப்புறம் 12 இருக்கானு எண்ணியிருந்தா அந்தப் பொண்ணு ரெண்டு நிமிஷத்துல வீட்டுக்கு போயிருக்கும். பான் 10 கேரக்டர், ஐஎஃப்எஸ்சி கோடு 11 கேரக்டர், பேங்க் அக்கவுண்ட் நம்பர், மொபைல் நம்பர், எல்லாத்துக்கும் இதே கதைதான். நம்பருக்கு நடுவுல வர்ற ஸ்பேஸுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, அத தூக்குறதுல எந்த நஷ்டமும் இல்ல.

வரிசையும் முக்கியம், இத பல பேரு கோட்டை விடுறாங்க. முதல்ல சுத்தம் பண்ணணும், அப்புறம் சரிபாக்கணும், அப்புறம் சேமிக்கணும். மாறினா என்ன ஆகும்னு பாருங்க. தமிழ்நாட்டுல நம்மள்ல பாதி பேருக்கு லாஸ்ட் நேம்னு ஒண்ணு கிடையாது, இன்ஷியல்தான். ஆனா ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு நட்சத்திரம் போட்டிருப்பாங்க. என்ன பண்ணுவாங்க ஜனங்க, ஒரு ஸ்பேஸ தட்டிட்டு அடுத்ததுக்கு போயிடுவாங்க. கட்டம் காலியானு மட்டும் பாக்குற புரோகிராமுக்கு ஒரு ஸ்பேஸும் ஒரு கேரக்டர்தானே, காலி இல்லனு விட்டுடும். அப்புறம் சேமிக்கிற இடத்துல யாரோ ஒருத்தர் ஓரத்து ஸ்பேஸ வெட்டுற ட்ரிம் போட்டிருப்பாரு, அங்க அது காலியாகி டேட்டாபேஸ் ஏத்துக்காம பாதியில நிக்கும், பணம் கட்டி முடிச்சதுக்கு அப்புறம் நிக்கிற கொடுமையும் உண்டு. இதுக்கு சரியான தீர்வு லாஸ்ட் நேம கட்டாயம்னு வெக்காம இருக்குறது. அது பெரிய விவகாரம், அதுக்கு தனி லெட்டர் வேணும்.

ரெண்டாவது, கண்ணுக்கு ஸ்பேஸ் மாதிரியே தெரியிற ஆனா ஸ்பேஸ் இல்லாத ஆசாமி. நாம ஸ்பேஸ் பார்ல தட்டுறது கம்ப்யூட்டருக்கு 32-ஆம் நம்பர் கேரக்டர். 160னு இன்னொண்ணு இருக்கு, வரி முறியக்கூடாத இடத்துல போடுறதுக்குனு வந்தது, "10 கிலோ"னு எழுதினா 10 ஒரு வரியிலயும் கிலோ அடுத்த வரியிலயும் போயிடக்கூடாதுல்ல, அதுக்கு. நல்ல நோக்கம்தான். ஆனா வெப் பேஜ்ல பிரவுசர் எத்தன ஸ்பேஸ் போட்டாலும் ஒண்ணாத்தான் காட்டும், அதனால இடம் நிறைய வேணும்னு நெனைக்கிறவங்க இந்த 160-ஐ வரிசையா போட்டு தள்ளிடுறாங்க, அங்கிருந்து காப்பி பண்றப்போ அது எக்ஸெல்லுக்கு வந்து உக்காந்துக்கும். எக்ஸெல்ல இருக்கிற ட்ரிம் ஃபங்ஷன் 32-ஐ மட்டும்தான் எடுக்கும், 160-ஐ தொடாது, மைக்ரோசாஃப்ட்டே அவங்க ஹெல்ப்ல அத எழுதி வெச்சிருக்காங்க. கிளீன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது 0-ல இருந்து 31 வரைக்கும் உள்ளத எடுக்கும், 160-ஐ அதுவும் தொடாது.

எங்க பக்கம் ஒரு நூல் வியாபாரிக்கு நடந்தத சொல்றேன். பார்ட்டி லிஸ்ட் ஒண்ணு பழைய சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்தது, இன்னொண்ணு வெப்ல இருந்து காப்பி பண்ணது, ரெண்டையும் சேத்து புது சாஃப்ட்வேர்ல ஏத்திட்டாங்க. ஒரே பார்ட்டி பேரு ரெண்டு தடவ வந்து நிக்குது, ஒண்ணுக்கு கடைசியில 160 ஒட்டிக்கிட்டு இருக்கு. பில் போடுற பையன் லிஸ்ட்ல மேல இருக்கிறத எடுக்குறான், வரவு வெக்கிறவரு கீழ இருக்கிறத எடுக்குறாரு. பில் எல்லாம் ஒரு கணக்குல, கட்டின பணம் எல்லாம் இன்னொரு கணக்குல. மாசக் கடைசியில முதலாளி பாக்கி லிஸ்ட்ட எடுத்து அந்த பார்ட்டிக்கு போன் போட்டு ஏன்யா இத்தன நாளா பணம் கட்டலனு சத்தம் போட்டுட்டாரு. அவரு பாவம் எல்லா பில்லும் செட்டில் பண்ணி ரசீதும் வெச்சிருந்தாரு. பல வருஷ பழக்கம், ஒரு போன்ல கசந்துபோச்சு. எங்ககிட்ட லிஸ்ட் வந்தப்போ லென்னு ஒரு ஃபங்ஷன் போட்டு கேரக்டர எண்ணிப் பாத்தோம், ஒண்ணு 18 காட்டுது இன்னொண்ணு 19 காட்டுது, கடைசி கேரக்டர் என்ன நம்பர்னு கோட் ஃபங்ஷன்ல கேட்டா 160னு சொல்லுது. தட்டச்சு பண்ணவர் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த புது சாஃப்ட்வேர் லிஸ்ட்ட ஏத்துற நேரத்துலயே ஓரத்துல இருக்கிறத வெட்டிட்டு, ஏற்கனவே இந்தப் பேரு இருக்கானு பாத்திருக்கணும். வீட்டுக்குள்ள வர்றவங்க செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வர்ற மாதிரி, டேட்டா உள்ள நுழையிற இடத்துலயே இத முடிச்சிடணும், உள்ள வந்து பத்து டேபிள்ல பரவினதுக்கு அப்புறம் கூட்டிப் பெருக்குறது பத்து மடங்கு வேலை.

இதுல புரோகிராமர்களுக்கே தெளிவு இல்லாத இடம் ஒண்ணு இருக்கு, உங்க பேப்பர படிக்கிற காலேஜ் பசங்களுக்கு இது உதவும்னு சொல்றேன். ட்ரிம், ஸ்ட்ரிப்னு பேரு இருக்கிறதால எல்லா புரோகிராம் மொழியிலயும் ஒரே வேலை செய்யும்னு நெனச்சுக்கிறாங்க, அப்படி கிடையாது. ஜாவால ட்ரிம் 32-ம் அதுக்கு கீழ உள்ள நம்பரும் மட்டும்தான் எடுக்கும். 2018-ல வந்த ஜாவா 11-ல ஸ்ட்ரிப்னு புதுசா குடுத்தாங்க, அது யூனிகோடு ஸ்பேஸ் பலதையும் எடுக்கும், ஆனா 160-ஐ அதுவும் விட்டுடும், ஏன்னா அந்த மொழி 160-ஐ வெத்து இடம்னு கணக்குல எடுக்குறதில்ல. பைத்தான்ல ஸ்ட்ரிப் 160-ஐ எடுக்கும், ஜப்பான்காரங்க பயன்படுத்துற அகலமான 12288-ஐயும் எடுக்கும், ஆனா அகலமே இல்லாத 8203-ஐ எடுக்காது, ஃபைலோட தலையில வந்து ஒட்டிக்கிற 65279-ஐயும் எடுக்காது. ஜாவாஸ்கிரிப்ட் ட்ரிம் 65279-ஐ எடுக்கும், 8203-ஐ விட்டுடும், அதுவும் 2009-ல ஸ்டாண்டர்டுக்குள்ள வந்ததுதான், அதுக்கு முன்னாடி அதுக்கு அவங்கவங்க சொந்தமா கோடு எழுதிக்கிட்டு இருந்தாங்க. மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ்ல ட்ரிம் சும்மா போட்டா சாதா ஸ்பேஸ் மட்டும்தான். இப்போ நெனச்சுப் பாருங்க, பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட், சர்வர்ல ஜாவா, பின்னாடி ரிப்போர்ட்டுக்கு பைத்தான்னு ஒரே சிஸ்டத்துல மூணு மொழி ஓடுது, மூணுலயும் ட்ரிம் போட்டாச்சுனு டீம்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க, மூணும் மூணு விதமா வெட்டியிருக்கும்.

டேட்டாபேஸ்லயும் ஒரு குழி இருக்கு. மைஎஸ்க்யூஎல்ல எழுத்துகள ஒப்பிடுற விதிக்கு கோலேஷன்னு பேரு, பழைய கோலேஷன்கள்ல "கவிதா"வும் பின்னாடி ஸ்பேஸ் ஒட்டின "கவிதா "வும் ஒண்ணுதான்னு சொல்லும், 2018-ல வந்த 8.0-ல டீஃபால்ட்டா வர்றது ரெண்டும் வேற வேறனு சொல்லும். அப்கிரேடு பண்ண மறுநாள் நேத்து வரைக்கும் உள்ள போன ஆளு இன்னைக்கு போக முடியலனா எங்க போய் தேடுறது? இந்த பழைய பழக்கத்த வெச்சு 2008-ல ஒரு பாதுகாப்பு ஓட்டையும் பெருசா பேசப்பட்டுச்சு. அட்மின்னு எழுதி, பின்னாடி நிறைய ஸ்பேஸ் விட்டு, கடைசியில ஒரு எழுத்து போட்டு புது அக்கவுண்ட் பதிவு பண்ணுவாங்க. முழுசா பாத்தா வேற பேரு, அதனால அனுமதி கிடைக்கும். பேருக்குனு டேபிள்ல ஒதுக்கின காலத்தோட (column) நீளத்துக்கு மேல போனத அப்போ டேட்டாபேஸ் வெட்டிடும், அந்த கடைசி எழுத்து போயிடும், மிச்சம் இருக்கிறது அட்மினும் வெறும் ஸ்பேஸும். அதுக்கு அப்புறம் தேடுறப்போ கடைசி ஸ்பேஸ கண்டுக்காததால அந்த புது ஆளும் அட்மின்தான். ஸ்பேஸ் சுத்தம் பண்றது ஏதோ அழகுக்கு செய்யிற வேலைனு நெனைக்கிற பசங்க இத ஒரு தடவ செஞ்சு பாக்கணும்.

ஒரு ஸ்பேஸ் எவ்ளோ தூரம் போகும்ங்கிறதுக்கு இன்னொண்ணும் சொல்லணும். 2011-ல பம்பிள்பீனு லினக்ஸ் லேப்டாப்புல கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஒரு புரோகிராம், அதோட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்ல சிஸ்டத்தோட புரோகிராம்கள் இருக்கிற யூஎஸ்ஆர் ஃபோல்டருக்கு உள்ள எங்கயோ ஆழத்துல இருக்கிற ஒரு ஃபோல்டர அழிக்கணும். பாதைய எழுதுறப்போ யூஎஸ்ஆருக்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விழுந்துடுச்சு. கமாண்டுக்கு ஸ்பேஸ்னா அடுத்த பேருனு அர்த்தம், அதனால ஆழத்துல இருக்கிறத விட்டுட்டு மொத்த யூஎஸ்ஆர் ஃபோல்டரையே அழிச்சிடுச்சு, இன்ஸ்டால் பண்ணவங்க சிஸ்டம் போச்சு. அத எழுதினவங்க திறமையான ஆளுங்கதான். கண்ணு ஸ்பேஸ பாக்காது, அவ்ளோதான், அதனாலதான் இத கண்ண நம்பி விடக்கூடாதுனு சொல்றேன். படிச்சு புரோகிராம் எழுதுறவங்க கண்ணுக்கே தப்பிப் போறத, வாழ்க்கையில முதல் தடவ ஃபார்ம் நிரப்புற ஒரு அம்மா பாத்து திருத்தணும்னு எப்படி எதிர்பாக்குறீங்க?

அப்போ எல்லா ஸ்பேஸையும் தூக்கிடலாமானா அதுவும் கூடாது, இங்கதான் யோசிச்சு செய்யணும். பேருல ஓரத்துல இருக்கிறத வெட்டலாம், நடுவுல ரெண்டு மூணு இருந்தா ஒண்ணாக்கலாம், ஆனா நடுவுல இருக்கிற அந்த ஒண்ண தூக்கினா எஸ் கவிதா எஸ்கவிதா ஆயிடுவாங்க, அப்புறம் மார்க்ஷீட்டோட பொருந்தாது. பைத்தான்ல இதுக்கு அழகான வழி இருக்கு, எதுவும் குடுக்காம ஸ்ப்ளிட் பண்ணிட்டு ஒத்த ஸ்பேஸ வெச்சு ஜாயின் பண்ணா ஓரம், நடு, டேப், வரி முறிவு எல்லாம் ஒரே அடியில சரியாயிடும். எங்க ஊர் ஆர்.எஸ்.புரத்த எடுத்துக்கோங்க, புள்ளி வெச்சு ஒட்டி எழுதுவாங்க, புள்ளிக்கு அப்புறம் ஸ்பேஸ் விட்டு எழுதுவாங்க, புள்ளியே இல்லாம ஆர் எஸ் புரம்னு எழுதுவாங்க, காந்திபுரம் காந்தி புரம் ரெண்டும் உண்டு. அட்ரஸ் லிஸ்ட்ல எது சரினு சண்டை போடத் தேவையில்ல. அவங்க எழுதினத ஓரம் மட்டும் வெட்டி அப்படியே வெச்சுக்கோங்க, பக்கத்துல இன்னொரு காலம் போட்டு அதுல ஸ்பேஸும் புள்ளியும் இல்லாத வடிவத்த தேடுறதுக்காக வெச்சுக்கோங்க. காட்டுறதுக்கு ஒண்ணு, பொருத்திப் பாக்க ஒண்ணு. சு.கவிதாவும் சு. கவிதாவும் சு கவிதாவும் அப்போ ஒரே இடத்துல வந்து நிப்பாங்க, அப்புறம் பிறந்த தேதிய வெச்சு ஒரே ஆளானு பாத்துக்கலாம். தமிழ்ல ஓலைச்சுவடி காலத்துல வார்த்தைக்கு நடுவுல இடமே விடமாட்டாங்க, இன்னைக்கும் சேத்து எழுதுறதா பிரிச்சு எழுதுறதானு ஆளுக்கு ஒரு பழக்கம் இருக்கு, அதனால நம்ம மொழிக்கு சாஃப்ட்வேர் எழுதுறவங்க இந்த ரெண்டாவது காலத்த மறக்கவே கூடாது.

கண்ணுக்கு தெரியாத கேரக்டர எல்லாம் மொத்தமா அழிச்சிடுற கோடும் நெட்ல நிறைய சுத்துது, பசங்க அப்படியே எடுத்து போட்டுடுறாங்க. அதுல ஆபத்து இருக்கு. 8204னு ஒண்ணு, அகலம் இல்லாதது, ரெண்டு எழுத்து ஒண்ணா சேராம தடுக்குறதுக்கு. தமிழ்ல ரிக்‌ஷா, லக்‌ஷ்மினு எழுதுறப்போ க்-கும் ஷ-வும் ஒட்டாம தனித்தனியா நிக்கணும்னா அதுதான் வேணும், பேப்பர்ல பக்கம் வடிவமைக்கிற உங்க ஆளுங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். 8205 அதுக்கு நேர் எதிர், சேக்குறதுக்கு. சிங்களத்துல ஸ்ரீ எழுதவே அது தேவை, அத அழிச்சா இலங்கையில ஒருத்தரோட பேரு, ஊரு, நாட்டோட பேரே உடைஞ்சு நிக்கும். மலையாளத்துல சில்லு எழுத்துகள பழைய முறையில அத வெச்சுத்தான் எழுதினாங்க, அந்த காலத்து ஃபைல் இன்னும் ஏகப்பட்டது இருக்கு. குடும்பமா நிக்கிற எமோஜி கூட அதால ஒட்டினதுதான். அதனால சேமிக்கிறதுல இத தொடாதீங்க, தேடுறதுக்குனு வெச்ச ரெண்டாவது காலத்துல மட்டும் தூக்குங்க, அப்போதான் 8204 போட்ட ரிக்‌ஷாவும் போடாத ரிக்ஷாவும் ஒண்ணா கிடைக்கும்.

பாஸ்வேர்டு இன்னொண்ணு. ஒருத்தர் வேணும்னே நாலு வார்த்தைய ஸ்பேஸ் விட்டு பாஸ்வேர்டா வெச்சிருப்பாரு, நல்ல பழக்கம் அது, அமெரிக்காவோட தரநிலை அமைப்பான நிஸ்ட்டே பாஸ்வேர்டுல ஸ்பேஸ ஏத்துக்கணும்னு வழிகாட்டுதல்ல சொல்லியிருக்கு. அதுல சத்தமில்லாம கை வெச்சா ஆபத்து. பதிவு பண்ற பக்கத்துல வெட்டிட்டு லாகின் பக்கத்துல வெட்டாம விட்டா, தன்னோட பாஸ்வேர்ட சரியா அடிக்கிற ஆளே உள்ள போக முடியாது, பாஸ்வேர்டு மறந்துட்டீங்களானு கேக்கும், அவரும் மாத்துவாரு, மறுபடியும் அதே.

காலேஜ்ல இத சொல்லிக் குடுக்குறாங்களானா, ஸ்ட்ரிங் (எழுத்து வரிசை) ஃபங்ஷன் லிஸ்ட்ல ஒரு வரியா வரும், பரீட்சைக்கு ரெண்டு மார்க். லேப்ல சி மொழியில பேரு வாங்க சொல்லுவாங்க, ஸ்கேன்எஃப் போட்டா முதல் ஸ்பேஸ்லயே நின்னுடும், இன்ஷியல் மட்டும் உள்ள போகும் பேரு வெளிய நிக்கும். எஃப்கெட்ஸ் போட்டா கடைசியில நியூலைனும் சேந்து உக்காந்துக்கும், அப்புறம் ஸ்ட்ரிங்க ஒப்பிட்டா பொருந்தாது. பைத்தான்ல வேலைக்கு புதுசா வர்ற பசங்க செய்யிற ஒண்ணு, ஸ்ட்ரிப்ப கூப்பிடுவாங்க ஆனா வர்ற விடைய எதுலயும் வாங்கி வெக்க மாட்டாங்க, பழைய ஸ்ட்ரிங் மாறவே மாறாது, அது மாறாத வகைங்கிறத யாரும் அழுத்தி சொல்லல. "ஸ்ட்ரிப் போட்டுட்டேன் அண்ணா, இன்னும் போகல"னு வந்து நிப்பாங்க. ஸ்ட்ரிப்புக்குள்ள ஒரு வார்த்தைய குடுத்தா அந்த வார்த்தைய முழுசா வெட்டும்னு நெனப்பாங்க, அது அந்த எழுத்துகள்ல எது ஓரத்துல இருந்தாலும் வெட்டிக்கிட்டே போகும், முன்னொட்ட மட்டும் எடுக்கணும்னா 2020-ல வந்த பைத்தான் 3.9-ல அதுக்குனு தனியா குடுத்திருக்காங்க. ஆசிரியருங்க லேப்ல பேரு, ஆதார் நம்பர், அட்ரஸ் இருக்கிற நிஜமான அழுக்கு லிஸ்ட் ஒண்ண குடுத்து, மாணவர்கள சுத்தம் பண்ண சொன்னா ஒரே மதியத்துல இது மொத்தமும் விளங்கிடும்.

சில புரோகிராமர் நண்பர்கள் என்கிட்ட சொல்றது, யூசர் குப்பைய போட்டா குப்பைதான் வரும், நாங்க எவ்ளோனு பாக்குறது. ஸ்பெல்லிங் தப்புனா அது நியாயமான பதில், பேரு கவிதானு இருக்கணுமா கவீதானு இருக்கணுமானு மெஷினுக்கு தெரியாது. கடைசியில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கிற பேரு எதுனு மெஷினுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் "விவரம் பொருந்தவில்லை"னு ஒரு வரியில முடிச்சிட்டா, அந்த ஆளு எத திருத்துவாரு? ஈமெயில் கட்டத்துக்கு ஈமெயில் வகைனு சரியா எழுதினாலே போதும், ஓரத்து ஸ்பேஸ பிரவுசரே வெட்டிடும், ஹெச்டிஎம்எல் ஸ்டாண்டர்டுலயே அது இருக்கு. சாதா டெக்ஸ்ட் வகைனு போட்டா வெட்டாது. ஆனா பிரவுசர நம்பி சர்வர்ல விட்டுடாதீங்க, மொபைல் ஆப்ல இருந்து வர்றதுக்கு அந்த உதவி கிடைக்காது.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். விண்ணப்பம் போடுறவங்களுக்கு யோசனை எழுதின அதே இடத்துல ஃபார்ம் எழுதுறவங்களுக்கும், அத டெண்டர் விட்டு வாங்குற அலுவலகங்களுக்கும் எழுதுங்க. வாங்குறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க பெரிய படிப்பு தேவையில்ல. முன்னாடி ஸ்பேஸ் விட்ட பேரு ஒண்ணு, பின்னாடி விட்டது ஒண்ணு, நடுவுல ரெண்டு விட்டது ஒண்ணு, கார்டுல இருக்கிற மாதிரி இடம் விட்ட ஆதார் நம்பர், வெறும் ஸ்பேஸ் மட்டும் போட்ட கட்டம், வெப் பேஜ்ல இருந்து 160-ஓட காப்பி பண்ண ஒரு பேரு, இவ்ளோத்தையும் போட்டு அது என்ன சொல்லுதுனு பாத்துட்டு கையெழுத்து போடட்டும்.

அது வரைக்கும் லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு திண்டாடுற ஸ்கூல் கிளர்க், சங்கத்து செயலாளர், கடை கணக்குப்பிள்ளைங்களுக்கு ஒண்ணு மட்டும் போடுங்க. எக்ஸெல்ல ஒரு லிஸ்ட்ல இருக்கிறத இன்னொண்ணுல தேடுற விலுக்கப் (VLOOKUP) போட்டு, கண்ணுக்கு முன்னாடி இருக்கிற பேருக்கே இல்லனு விடை வந்தா, முதல்ல சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) ஃபங்ஷன்ல கேர் 160-ஐ, அதாவது CHAR(160)-ஐ, சாதா ஸ்பேஸா மாத்துங்க, அதுக்கு மேல ட்ரிம் போடுங்க, ரெண்டு லிஸ்ட்லயும் போடுங்க. அப்பவும் வரலனா யூனிகேர் 8203-ஐ, அதாவது UNICHAR(8203)-ஐ, ஒண்ணும் இல்லாததா மாத்திட்டு மறுபடி பாருங்க. எக்ஸெல் 2013-ல இருந்து இந்த யூனிகேர் ஃபங்ஷன் இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.